வலிக்காத கருப்புப் பொருக்கு: உண்ணிக் காய்ச்சலைத் தோலில் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

போன மார்கழியில் எங்கள் காய்ச்சல் வார்டுக்கு ஒரு ஆயாவைக் கூட்டி வந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். மாட்டுக்குப் புல் அறுப்பதுதான் அன்றாட வேலை. ஒன்பது நாளாகக் காய்ச்சல். ஏற்கெனவே இரண்டு இடங்களில் பார்த்துவிட்டார்கள். டைபாய்டு என்று சொல்லி ஊசி போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி, பிளேட்லெட் குறைந்ததும் டெங்குவாக இருக்கும் என்று மாற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் வரும்போது மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

உடை மாற்றிவிடுவதற்காகப் பாவாடை நாடாவைத் தளர்த்தினேன். நாடா அழுந்திய தடத்திலேயே, இடுப்பின் இடப்பக்க மடிப்புக்குள், சுண்டை வற்றலைத் தட்டி ஒட்டிவைத்தது போல ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் செக்கச்செவேலென்று ஒரு வளையம்.

“இது என்ன ஆயா?”

“அதுவா? நாடா ஒரசி ஒரசி ஆன புண்ணு கண்ணு. வலியே இல்ல, அத வுடு.”

மருத்துவர் வந்து அந்தப் பொருக்கைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குக் காத்திருக்காமல் அந்த நிமிடமே மருந்தை மாற்றினார். மூன்றாம் நாள் ஆயா கஞ்சி கேட்டார். ஒன்பது நாளாக அவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் கையைப் பிடித்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இடுப்பை யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் இருப்பவர்களும் இதைத் தேடிப் பார்க்க முடியும். என்ன பார்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இது என்ன நோய்?

ஸ்க்ரப் டைஃபஸ் என்பது மருத்துவப் பெயர். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணிதான் நினைவுக்கு வரும். இது அந்த உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் வாழும் ஒரு வகைச் சிலந்திப்பேனின் இளம்புழு. சிக்கர் என்பார்கள். ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம், ஆறு கால், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வளர்ந்த பூச்சி மனிதரைக் கடிப்பதில்லை, இளம்புழுப் பருவத்தில் மட்டும்தான் கடிக்கும். வழக்கமாக எலி, பெருச்சாளி, மூஞ்சூறு மேல் ஏறி வாழ்வது, நாம் குறுக்கே போனால் நம் மேல் ஏறிக்கொள்கிறது. தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும்போது ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போகிறது. கடித்ததே தெரியாது. கடித்த இடத்தில்தான் பிறகு அந்தக் கருப்புப் பொருக்கு வருகிறது. ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது.

டைஃபஸும் டைபாய்டும் வேறு வேறு. டைபாய்டு அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் “டைபாய்டுக்குத்தான் ஊசி போட்டாச்சே” என்று குடும்பங்கள் நிம்மதியாகிவிடுவதை வார்டில் அடிக்கடி பார்க்கிறேன். டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியை ஒன்றும் செய்யாது.

தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில், ஐப்பசி தொட்டு மாசி வரை, இது கூடுதலாக வரும். 2025 ஜனவரியில் மாநிலப் பொது சுகாதாரத் துறை இதற்காகவே ஒரு எச்சரிக்கை அறிவுறுத்தல் வெளியிட்டது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களோடு சென்னையும் அதில் இருந்தது. இலங்கையிலும் இந்த நோய் உண்டு. காலி மனையில் புதர் மண்டி எலி ஓடினால் நகரமும் இதற்குக் காடுதான்.

படி 1: நாளை எண்ணுங்கள்

காய்ச்சல் எந்தக் கிழமை தொடங்கியது என்று ஒரு காலண்டரில் குறித்துவையுங்கள். “நாலஞ்சு நாளா இருக்கு” என்பது எங்களுக்குப் போதாது. ஐந்தாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் தோலைத் தேட வேண்டும். அதற்கு முன்பே தேடினாலும் தப்பில்லை. புண் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும்போதே அது தோலில் இருக்கும்.

அடுத்து, காய்ச்சலுக்கு முந்தைய மூன்று வாரத்தை யோசியுங்கள். கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் 10-12 நாளில் காய்ச்சல் வருகிறது. புல் அறுத்தது, விறகு பொறுக்கியது, கரும்புத் தோட்டத்தில் வேலை, ஏரிக்கரைப் பக்கம் வெளிக்குப் போனது, பிள்ளைகள் புதரில் பந்து தேடியது, குலதெய்வக் கோயில் தோப்பில் ஜமுக்காளம் விரிக்காமல் படுத்தது, வேலியில் துணி உலர்த்தியது இவையெல்லாம் கணக்கில் வரும். எதுவும் நினைவுக்கு வராவிட்டாலும் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள். நிறையப் பேருக்கு நினைவு இருப்பதில்லை.

படி 2: யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பல நோயாளிகளிடம் புண்ணைத் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பூச்சி போய் ஒட்டுவது துணி இறுகும் இடங்களிலும் ஈரமான மடிப்புகளிலும். அவை எல்லாமே நாம் மறைத்துவைக்கும் இடங்கள். அம்மாவிடம் மகன் கேட்கமாட்டான். மாமனாரிடம் மருமகள் கேட்கமாட்டாள். மருத்துவமனையிலும் கூட்டத்துக்கு நடுவே யாரும் சேலையை விலக்கமாட்டார்கள்.

ஆகவே யார் பார்த்தால் கூச்சம் குறைவோ அவர் பார்க்கட்டும். கணவனுக்கு மனைவி, அம்மாவுக்கு மகள், அக்காவுக்குத் தங்கை. என்ன தேடுகிறீர்கள், எதற்காக என்று முதலில் நோயாளியிடம் சொல்லுங்கள். கதவைச் சாத்தி, செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர் கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அக்குளையும் தொடை இடுக்கையும் தானே பார்க்கலாம், முதுகுக்கு மட்டும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும்.

“எங்கேயாவது வலிக்குதா, அரிக்குதா?” என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள். இந்தப் புண் பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. நோயாளிக்கே தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

படி 3: தலையிலிருந்து கால் வரை

ஒழுங்கு முக்கியம். மனம் போன இடத்தில் பார்த்தால் ஏதோ ஒன்று விட்டுப்போகும். நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

தலைமுடியை வகிர்ந்து மண்டைத்தோலைப் பாருங்கள், பிள்ளைகளுக்குக் கட்டாயம். அப்புறம் காதுமடலுக்குப் பின்னால், பிடரி, கழுத்து மடிப்பு. தாலிக்கயிறோ செயினோ இருந்தால் தூக்கிப் பாருங்கள். கையை மேலே உயர்த்தச் சொல்லி இரண்டு அக்குளையும் தோலை நீவிப் பாருங்கள், அக்குள் முடிக்குள் பொருக்கு எளிதில் ஒளிந்துகொள்ளும். பெண்களுக்கு மார்பகத்தை லேசாகத் தூக்கி அடிமடிப்பைப் பார்க்க வேண்டும். உள்ளாடைப் பட்டி அழுந்தும் தடத்தை முதுகு வரை சுற்றிப் பாருங்கள்.

தொப்புளுக்குள் டார்ச் அடியுங்கள். அழுக்கு என்று நினைத்து விட்ட ஒன்று பொருக்காக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு இடுப்பு: பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, பேன்ட் பெல்ட், வேட்டி முடிச்சு இறுகும் கோட்டை ஒரு சுற்று. வயிறு தொங்கினால் அடிமடிப்பைத் தூக்கிப் பாருங்கள். தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, ஆண்களுக்கு விதைப்பையின் பின்பக்கம், பிட்டத்தின் பிளவு. இந்த இடங்களைச் சொல்ல எனக்கும் முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆண்களுக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பிலும்தான் அதிகம் வருகிறது, பெண்களுக்கு மார்பு, வயிற்றுப் பக்கம். தயங்கி விட்டால் இருக்கும் இடத்தையே விட்டதாகிவிடும்.

கடைசியாக முழங்கால் பின்மடிப்பு, கணுக்கால், கால்விரல் இடுக்கு.

ஒரு புண் கிடைத்ததும் நிறுத்தாமல் முழுவதும் பார்த்து முடியுங்கள். சிலருக்கு இரண்டு மூன்று இடத்திலும் இருக்கும்.

படி 4: கண்ணில் பட்டது அதுதானா?

மருத்துவர்கள் இதை எஸ்கார் என்பார்கள். முதலில் ஒரு சின்னச் சிவப்புப் பருவாகத் தொடங்கும். கொஞ்ச நாளில் நடுவே நீர் கோத்து உடைந்து, அந்த இடம் செத்துக் கருத்துப் பொருக்காகும். அரை சென்டிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கும். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ, நடுவில் கருப்பு, ஓரத்தில் சிவந்த வளையம், வளையத்தின் விளிம்பில் மெல்லிய செதில். பீடி நெருப்பால் சுட்ட காயம் மாதிரி என்றால் எங்கள் பக்கத்தில் உடனே புரிந்துகொள்கிறார்கள். சீழ் இருக்காது. அழுத்தினாலும் பெரிதாக வலி இருக்காது.

ஈரமான இடங்களில் இந்தப் படம் மாறிவிடும். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி போன்ற இடங்களில் வேர்வையில் பொருக்கு ஊறி விழுந்துவிடும். அங்கே கருப்பே இருக்காது. மேல்தோல் உரிந்து, அடி மஞ்சளாகவோ வெளிறியோ, ஆழமில்லாத ஒரு வட்டப் புண் மட்டும் தெரியும். கருப்பைத் தேடிக்கொண்டே போகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வேறு எதோடு குழம்பும்? கொசுக்கடியும் மூட்டைப்பூச்சிக் கடியும் அரிக்கும், பல இடத்தில் இருக்கும். சூட்டுக் கட்டி வலிக்கும், சீழ் பிடிக்கும். அக்கி கொப்புளம் கொப்புளமாக, உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக எரிச்சலோடு வரும். பூச்சி பட்டு வெந்தது போல வருவது கோடாக இருக்கும், எரியும். ஆடு மாடு தோலைக் கையாள்பவர்களுக்கு வரும் ஆந்த்ராக்ஸிலும் வலியில்லாத கருப்புப் பொருக்கு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கை, முகம் போன்ற திறந்த இடத்தில், சுற்றிலும் நன்றாக வீங்கி வரும். அதற்கும் உடனே மருத்துவமனைதான் போக வேண்டும்.

எதையும் நீங்களே தீர்மானிக்க வேண்டியதில்லை. “காய்ச்சல், கூடவே வலிக்காத பொருக்கு” இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புண்ணின் மேல் மஞ்சள், சுண்ணாம்பு, பேஸ்ட் எதுவும் தடவாதீர்கள். நிறம் மாறினால் அடையாளம் போய்விடும். பொருக்கைப் பிய்க்கவும் வேண்டாம். பெரிய மருத்துவமனைகளில் அந்தப் பொருக்கிலிருந்தே பிசிஆர் பரிசோதனை செய்து கிருமியைக் கண்டுபிடிக்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் கூட்டமான புறநோயாளிப் பிரிவில் காட்ட எளிது.

படி 5: நெறி கட்டியிருக்கிறதா?

புண்ணுக்கு அருகில் இருக்கும் நிணநீர் முடிச்சு வீங்கும். நாங்கள் நெறி கட்டியிருக்கு என்போமே, அதுதான். காலிலோ பிறப்புறுப்பிலோ புண் இருந்தால் தொடை இடுக்கில், மார்பில் இருந்தால் அக்குளில். இதை நான் தலைகீழாகவும் பயன்படுத்துவேன். காலில் அடிபடாத ஒருவருக்கு ஒரு பக்கத் தொடை இடுக்கில் மட்டும் நெறி கட்டியிருந்தால், அந்தக் காலையும் இடுப்பையும் இன்னொரு முறை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பேன்.

படி 6: உடம்பில் பரவும் தடிப்பு

எஸ்கார் தவிர, காய்ச்சலின் முதல் வாரக் கடைசியில் மார்பு, வயிறு, முதுகில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தோன்றி, கை கால்களுக்குப் பரவலாம். அரிப்பு பெரிதாக இருக்காது. நம்மைப் போன்ற மாநிறம், கருத்த தோலில் இது சிவப்பாகவே தெரியாது, தோல் கொஞ்சம் அழுத்தமான நிறமாக, உள்ளங்கையால் தடவினால் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பலருக்கு இந்தத் தடிப்பு வருவதே இல்லை, வந்தாலும் சில நாளில் மறைந்துவிடும்.

ஒரு கண்ணாடித் தம்ளரின் அடியைப் புள்ளிமேல் அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறைந்து மீண்டும் வந்தால் அது தடிப்பு. மறையாமல் அப்படியே நின்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. எந்தக் காய்ச்சலானாலும் அதற்குப் பிறகு வீட்டில் இருக்கக் கூடாது.

டெங்குவிலும் தடிப்பு உண்டு, பிளேட்லெட் அதிலும் குறையும். டெங்கு காய்ச்சல் பொதுவாக ஏழு நாளுக்குள் இறங்கிவிடும். அப்போது சிலருக்கு உடம்பெல்லாம் சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டுகள் தெரியும். எட்டாம் ஒன்பதாம் நாளும் காய்ச்சல் அடித்துக்கொண்டே இருந்தால் “டெங்குதான்” என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

உள்ளங்கையையும் உள்ளங்காலையும் மறக்காமல் பாருங்கள். அங்கே புள்ளி இருந்தால் இன்னொரு உறவுக்கார நோயான புள்ளிக் காய்ச்சலை மருத்துவர் யோசிப்பார். அது நிஜமாகவே உண்ணியால், பெரும்பாலும் நாய் உண்ணியால் வருவது. பிள்ளைகளுக்கு அதிகம் பார்க்கிறோம். புள்ளிகள் கருநீலமாக மாறி, கடுமையானால் காதுமடல், விரல் நுனி கருத்துப்போகும். மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

அமெரிக்காவின் வடகிழக்கிலோ கனடாவிலோ பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உண்ணி கடித்தால் கவனிக்க வேண்டியது லைம் நோய். அதில் கருப்புப் பொருக்கு வராது. கடித்த 3 முதல் 30 நாளுக்குள் ஒரு சிவப்புத் திட்டு தோன்றி, நாளுக்கு நாள் அகலமாகி, உள்ளங்கை அளவுக்கும் மேலே போகும். நடுவில் வெளுத்து வளையம் போல் ஆவது சிலருக்கு மட்டும்தான், ஒரே சீரான சிவப்பாகவும் இருக்கலாம். பேனாவால் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: மருத்துவரிடம் என்ன சொல்வது

சுருக்கமாக, நேராகச் சொல்லுங்கள்: “இன்னைக்கு ஏழாவது நாள் காய்ச்சல். வயல் வேலை. இடுப்புல வலிக்காத ஒரு கருப்புப் பொருக்கு இருக்கு. ஸ்க்ரப் டைஃபஸா இருக்குமா டாக்டர்?” இப்படிக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. ஏற்கெனவே போட்ட ஊசி, மாத்திரைச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள்.

ஐஜிஎம் எலிசா என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். முதல் நான்கைந்து நாட்களில் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். வீல்-ஃபீலிக்ஸ் என்ற பழைய பரிசோதனை இன்னும் பல இடங்களில் நடக்கிறது, அது நிறையப் பேரைத் தவறவிடும். அதனால்தான் எஸ்கார் கிடைத்துவிட்டால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமலே மருந்து தொடங்குகிறார்கள்.

மருந்து டாக்ஸிசைக்ளின். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், காலை இரவு இரண்டு வேளை, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து மருத்துவர் அளவு சொல்வார். நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண்ணாகலாம். இரும்புச்சத்து மாத்திரை, பால், அல்சர் சிரப்போடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும், ஆனாலும் ஏழு நாளையும் முடிக்க வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கூடவே வேறு என்ன நடக்கிறது, நுரையீரல், ஈரல், சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

இந்த மருந்தின் மதிப்பை உணர ஒரு பழைய கதை போதும். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் இருந்த படைகளை இந்தக் காய்ச்சல் வாட்டியது. அப்போது புதிதாக வந்திருந்த பென்சிலினும் இதற்குக் கேட்கவில்லை. 1948-ல் கோலாலம்பூரில் குளோராம்பெனிகாலைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் இதற்கும் மருந்து உண்டு என்று தெரிந்தது. நம் ஊரிலிருந்தும் ஒரு பெரிய பதில் வந்திருக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிக்கல்கள் குறைகின்றன என்று, வேலூர் சிஎம்சி முன்னின்று சுமார் 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது.

எப்போது இரவென்றும் பார்க்காமல் ஓட வேண்டும்?

மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் உளறுவது, வலிப்பு, கழுத்து விறைப்பு, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, கை கால் சில்லிட்டுத் தளர்வது. இதில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டாவது வாரத்தில்தான் இவை பெரும்பாலும் வருகின்றன.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால்?

நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எஸ்கார் தென்படுவதில்லை. தேடியும் கிடைக்கவில்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. மறுநாள் குளித்து உடை மாற்றும்போது இன்னொரு முறை பாருங்கள், ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் புண் இருக்கிறதோ இல்லையோ ஸ்க்ரப் டைஃபஸ் பரிசோதனையைக் கேளுங்கள்.

குணமான பிறகும் பொருக்கு விழுந்து ஒரு தழும்பு கொஞ்ச காலம் நிற்கும், பயப்பட வேண்டாம். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்ற உத்தரவாதமும் இல்லை. எங்கள் ஆயாவை வீட்டுக்கு அனுப்பும்போது மருமகளிடம் சொன்னேன்: புல்லறுத்து வந்ததும் உடுத்தியிருந்த துணியை அப்படியே வெந்நீரில் ஊறப்போடணும், சோப்பு போட்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் குளிக்கணும், துணியை வேலியில் போடாமல் கொடியில் உலர்த்தணும், கொட்டாயைச் சுற்றிப் புதரை வெட்டி எலிப் பொந்தை அடைக்கணும்.

“வாரத்துக்கு ஒருக்கா இடுப்பையும் பார்த்துடறேன் சிஸ்டர்” என்றாள்.